மறைமலை நகர் ஃபோர்டு ஏன் மூடியது, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஏன் நிலைத்தது?

வெண்டர்_சிங்கபெருமாள்கோயில்

2025 அக்டோபர் கடைசியில் ஃபோர்டும் தமிழக அரசும் ஒப்பந்தம் போட்டதிலிருந்து எங்கள் பக்கம் ஒரே பேச்சு. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருடத்துக்கு 2,35,000 என்ஜின், 2029-ல் உற்பத்தி. டீக்கடையிலிருந்து வங்கி மேனேஜர் வரை "ஃபோர்டு திரும்ப வந்தாச்சு" என்கிறார்கள். வரப்போவது என்ஜின், கார் இல்லை. அதைக் கொண்டாடுவதற்கு முன்னால் போன கதையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

2021 செப்டம்பர் 9-ம் தேதி மூடுவதாக அறிவித்தபோது ஃபோர்டு சொன்ன காரணம்: பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், அது போக 2019-ல் 80 கோடி டாலர் சொத்து மதிப்பைக் குறைத்து எழுதியது. இதைக் கேட்டதும் பலரும் "இந்தியாவில் தொழில் செய்ய முடியாது, வரி அதிகம், மக்கள் விலைதான் பார்க்கிறார்கள்" என்று எழுதினார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபோர்டு 1995-ல் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து வந்தது, 1996-ல் எஸ்கார்ட் விற்றது. ஹூண்டாய் 1996-ல் கம்பெனி தொடங்கி 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை இறக்கியது. அதே சென்னைத் துறைமுகம், அதே மின்வாரியம், அதே ஐடிஐ பையன்கள், உதிரிபாகம் செய்து கொடுக்கும் எங்களைப் போன்ற வெண்டர்களில் பலர் இரண்டு பக்கமும் சரக்குப் போட்டவர்கள். மண் ஒன்றுதான். ஒருவர் 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார், இன்னொருவர் கேட்டைப் பூட்டினார்.

என் கட்சி இது: முடிவெடுக்கிற இடம் எங்கே இருந்தது என்பதுதான் வித்தியாசம். எஸ்கார்ட் ஐரோப்பாவில் ஓய்வு பெறப்போகிற வயதில் இங்கே வந்த கார். 2006 பட்ஜெட்டில் சிதம்பரம் நாலு மீட்டருக்குள் இருக்கும் சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார் (பெட்ரோல் 1200 சிசி வரை, டீசல் 1500 சிசி வரை). அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே ஹூண்டாயிடம் ஐ10 இருந்தது. ஃபோர்டிடம் ஃபிகோ வந்தது 2010 மார்ச்சில். ஆடுகளத்தின் விதி மாறி நாலு வருடம் கழித்து ஆளை இறக்கினால் யார் காத்திருப்பார்கள்? ஃபோர்டின் தலைமையகம் இருக்கும் அமெரிக்காவின் டியர்பார்னில் இருக்கிறவருக்கு நாலு மீட்டர் என்பது ஒரு அளவு. இங்கே அதுதான் மார்க்கெட்.

பீளமேடு_ஆடிட்டர்

வெண்டர் சார், உணர்வு புரிகிறது, முடிவு தவறு. தலைமையகத்தைக் குற்றம் சொல்வது சுலபம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஹோண்டா 2020 டிசம்பரில் கிரேட்டர் நொய்டா ஆலையை மூடியது. இவர்கள் எல்லாருமா ஒரே மாதிரி முட்டாள்தனம் செய்தார்கள்? மாருதியும் ஹூண்டாயும் சேர்ந்தே பாதி மார்க்கெட்டுக்கு மேல் வைத்திருக்கிற இடத்தில் மிச்சத்தைப் பத்துப் பேர் பங்கு போட வேண்டும். ஒரு மாடலுக்கான டூலிங் (அச்சுகள், கருவிகள்), டீலர் நெட்வொர்க், உதிரிபாகக் கிடங்கு, விளம்பரம் இதெல்லாம் பத்தாயிரம் கார் விற்றாலும் லட்சம் கார் விற்றாலும் ஏறக்குறைய அதே செலவு. மார்க்கெட்டில் 2 சதவீதத்துக்கும் கீழே இருப்பவனுக்கு ஒரு காருக்கு விழுகிற சுமையைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபோர்டு 2021 ஜனவரியில் பிரேசிலில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 1919-லிருந்து இருந்த நாடு அது. அதற்கு அடுத்த மாதமே தென்னாப்பிரிக்காவின் சில்வர்டன் ஆலையில் 105 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது, ரேஞ்சர் பிக்கப்புக்காக. வளரும் நாடுகளைக் கண்டு பயந்து ஓடவில்லை. தன் சரக்கு எங்கே லாபத்துக்கு விற்கிறதோ அங்கே பணத்தை நகர்த்தியது. இந்தியாவில் ரேஞ்சர் மாதிரி பிக்கப் வாங்க ஆளில்லை, சின்ன கார்தான் போகிறது, அதில் ஃபோர்டுக்கு எந்த வலுவும் இல்லை. வெளியேறுவதும் வியூகம்தான். இன்னும் ஐந்து வருடம் இழுத்திருந்தால்தான் அதைத் தோல்வி என்று சொல்லலாம்.

வெண்டர்_சிங்கபெருமாள்கோயில்

பத்துப் பேர் பங்கு போடுகிற மார்க்கெட் என்கிறீர்கள். கியா 2019 ஆகஸ்ட்டில் செல்டாஸோடு வந்தது. 2020-ல், கொரோனா வருடத்தில், ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. இருபத்தைந்து வருடம் இங்கே இருந்த ஃபோர்டு அதே வருடம் ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை. கதவு மூடியிருந்தால் கியா எப்படி உள்ளே வந்தது?

பீளமேடு_ஆடிட்டர்

கியா ஹூண்டாயின் வீட்டுப் பிள்ளை. தளம் (காரின் அடிக்கட்டமைப்பு), என்ஜின், கொரிய வெண்டர்கள் எல்லாம் இருபது வருடமாக ஸ்ரீபெரும்புதூரில் தயாராக இருந்தவை. அனந்தபூரில் ஆலை போட்டாலும் அது புது ஆட்டக்காரன் கணக்கில் வராது. உங்கள் உதாரணம் என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது: முதலில் அளவைப் பிடித்தவனுக்கே அடுத்த கதவும் திறக்கும்.

உறையூர்_பழையகார்

ரெண்டு பேரும் கம்பெனி பக்கமிருந்தே பேசுறீங்க. நான் வாங்க வர்ற ஆளுங்க பக்கமிருந்து சொல்றேன். திருச்சியில பழைய கார் வாங்கி விக்கிறதுதான் பொழப்பு.

நம்ம ஊர்ல கார் வாங்குறவரு ஷோரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி மெக்கானிக்கத்தான் பாக்குறாரு. "இந்த வண்டி எடுக்கலாமாண்ணே?" ஃபோர்டு ஐகான் காலத்துலேருந்து மெக்கானிக்கு சொன்ன பதில் ஒண்ணுதான்: ஓட்ட அருமையான வண்டி, ஆனா சாமான் வெல ஜாஸ்தி. இந்தப் பேச்சு நெசமோ பொய்யோ, பத்து வருசம் ஊரைச் சுத்துச்சு. ஃபோர்டு இதை உணரலன்னு யாரும் சொல்லக் கூடாது. ஃபிகோவுல அதுக்கு மருந்து போட்டாங்க. சைடு மிரர் ஒடஞ்சா முன்னாடி முழு அசெம்பிளியும் மாத்தணும். ஃபிகோவுக்கு கண்ணாடி மட்டும் தனியா, கவர் மட்டும் தனியான்னு சின்னச் சின்ன பாகமா கெடைக்கிற மாதிரி பண்ணுனாங்க. ரொம்ப நல்ல யோசனை. பைக்காரன் இடிச்சிட்டுப் போனா கண்ணாடிதான ஒடையும், மோட்டரும் கவருமா ஒடையும்? அந்த யோசனை இந்திய ரோட்டைப் பாத்தவனுக்குத்தான் வரும்.

அதே ஃபிகோவுல, டாப் மாடல்லயும், பின் சீட்டு ஜன்னலைக் கையால சுத்தணும். வந்த புதுசுல நெலம அதான். முன்னாடி பவர் விண்டோ, பின்னாடி கைப்பிடி. குடும்பத்தோட வந்து பாக்குறவங்க, அதுலயும் பெரியவங்க, பின் சீட்டுல உக்காந்ததும் கை வைக்கிற மொத இடம் அதுதான். கூடக் காசு குடுத்து டாப் மாடல் எடுக்குறேன், எங்கம்மா கைப்பிடி சுத்தணுமான்னு என்கிட்ட கேட்டவங்க உண்டு. பக்கத்துலயே ஸ்விஃப்டும் ஐ20-யும் நிக்குது. மிரரை யோசிச்ச ஆளும் ஜன்னலை யோசிச்ச ஆளும் ஒரே கம்பெனியா இருக்க முடியாதுன்னு எனக்குத் தோணும்.

ஃபோர்டு எக்கோஸ்போர்ட் கதை இன்னும் வேதனை. 2013 ஜூன்ல வந்தப்ப புக் பண்ணிட்டு மாசக்கணக்கா காத்துக் கெடந்தாங்க. நாலு மீட்டருக்குள்ள எஸ்யூவி மாதிரி நிமிந்து நிக்கிற வண்டின்னா அப்ப ஜனங்க கேட்டது அதான். மாருதி பிரெஸ்ஸா வந்தது 2016 மார்ச்சுல. டாடா நெக்ஸான் 2017, ஹூண்டாய் வென்யூ 2019. கிட்டத்தட்ட மூணு வருசம் மைதானத்துல பெரிய போட்டி இல்லாம நின்ன வண்டி. அந்த மூணு வருசத்துல அதுக்கு ஒரு தம்பியையோ அண்ணனையோ எறக்கல. 2017 கடைசியில மூஞ்சிய மாத்துனாங்க, அவ்வளவுதான். 2021 வரைக்கும் அதே வண்டி.

மதுரை_மேலாண்மை_ஆசிரியை

பழையகார் அண்ணன் சொன்ன மிரர், ஜன்னல் இரண்டையும் நாளைக்கே வகுப்பில் சொல்வேன். "உள்ளூருக்கு ஏற்ப மாற்றுதல்" என்று பாடத்தில் ஒரே சொல்லாகப் போட்டுவிடுகிறோம். அது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை இல்லை, காருக்குள் நூறு இடத்தில் நூறு பேர் எடுக்கிற முடிவு.

ஆனால் முடிவு டியர்பார்னில் எடுக்கப்பட்டதுதான் காரணம் என்ற வெண்டர் சாரின் விளக்கம் எனக்குப் போதவில்லை. 1999-ல் வந்த ஐகான், ஃபியஸ்டா தளத்தில் இந்தியாவை மனதில் வைத்துச் செய்த செடான். ஃபிகோவும் அப்படியே. ஆக அனுமதி கிடைத்திருக்கிறது. கேள்வி, ஏன் அத்தனை இடைவெளி என்பது. 1999-க்கும் 2010-க்கும் நடுவில் ஃபோர்டிடம் மாருதி, ஹூண்டாய் சின்ன கார்களோடு விலையில் மோதக்கூடிய கார் எதுவும் இல்லை. இந்திய நடுத்தர வர்க்கம் முதல் கார் வாங்கிய தசாப்தமே அதுதான்.

இதற்கு நான் சொல்லும் விளக்கம், இரண்டு நிறுவனங்களும் சந்தித்த நெருக்கடிகளைப் பற்றியது. ஹூண்டாயின் சென்னை ஆலை எழும்பிக்கொண்டிருந்தபோது, 1997-ல், ஆசிய நிதி நெருக்கடியில் கொரிய வொன் சரிந்தது, உள்நாட்டு விற்பனை படுத்தது. அதற்கு முன் கனடாவின் புரோமாண்டில் 1989-ல் திறந்த ஆலையை 1993-ல் மூடிய அனுபவமும் ஹூண்டாய்க்கு இருந்தது. இந்தியாவிலும் தோற்றால் போக வேறு இடம் இல்லை. நெருக்கடி வந்ததும் இந்தியாவின் முக்கியத்துவம் அவர்களுக்குக் கூடியது. ஃபோர்டுக்கு 2006-ல் 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், சொத்துகளை அடகு வைத்துக் கடன் வாங்கிப் பிழைத்தார்கள். அங்கே நெருக்கடி வந்தபோது காப்பாற்ற வேண்டிய உயிர்நாடி அமெரிக்க பிக்கப் வியாபாரம். இந்தியா பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. வளரும் சந்தையில் ஒரு நிறுவனத்தின் தலைவிதியை அறிய அதன் இந்திய அலுவலகத்தைப் பார்ப்பதைவிட, அதன் தாய்வீட்டில் வீடு பற்றி எரியும்போது எந்த அறையை முதலில் காலி செய்வார்கள் என்று பார்க்க வேண்டும்.

சான்ட்ரோவையும் மறந்துவிடக் கூடாது. உயரமான கூரை, உயரமான இருக்கை. புடவை கட்டிய பெண்கள் குனியாமல் ஏறி இறங்க முடிந்த சின்ன கார். போட்டிக் கார்கள் பல இன்னும் கார்புரேட்டரில் ஓடியபோது பல்முனை எரிபொருள் செலுத்தும் என்ஜின். வடிவத்தைப் பார்த்து ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்கள் ஏராளம். அதைச் சமாளிக்க ஷாருக் கானை வைத்து விளம்பரம். விற்பனையைத் திட்டமிட்ட பி.வி.ஆர். சுப்பு இந்தியர், டெல்கோவிலிருந்து (பின்னாளில் டாடா மோட்டார்ஸ்) வந்தவர். பின்னால் அவரே நிறுவனத்தின் தலைவர் பதவிக்கும் வந்தார்.

பீளமேடு_ஆடிட்டர்

மேடம், "கடைசிப் பக்கம்" என்பது ஆவணத்தோடு ஒத்துவரவில்லை. 2008 ஜனவரியில், நீங்கள் சொல்லும் அதே கஷ்ட காலத்தில், ஃபோர்டு சென்னையில் 50 கோடி டாலர் கூடுதலாகப் போடுவதாக அறிவித்தது. அதிலிருந்துதான் ஃபிகோவும் என்ஜின் ஆலையும் வந்தன. பிறகு குஜராத் சாணந்தில் 100 கோடி டாலர். அக்கறை இல்லாதவன் இத்தனை பணம் போடுவானா?

அக்கறை இருந்தது, கணக்கு பிசகியது. சாணந்த் திட்டம் 2011-ல் முடிவானது. அப்போது மார்க்கெட் துள்ளிக்கொண்டிருந்தது, எல்லாரும் டீசல் கேட்டார்கள். ஏன் கேட்டார்கள்? 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், டீசலை எடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே விலை இடைவெளி விரிந்தது. ஃபோர்டின் பலம் டீசல் என்ஜின். ஃபிகோ டீசல் ஓடியதற்குப் பாதிக் காரணம் அந்த இடைவெளிதான். 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போனது. சாணந்த் ஆலை திறந்தது 2015 மார்ச்சில். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்து சின்ன டீசல் கார்களின் செலவை இன்னும் ஏற்றியது. இரண்டு ஆலையும் சேர்ந்து வருடத்துக்கு 4,40,000 கார் செய்யும் திறன். மூடிய காலத்தில் ஓடியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அரசு போட்ட ஒரு விலைக் கொள்கையை மக்களின் நிரந்தர ருசி என்று நினைத்துக் கான்கிரீட் கொட்டினார்கள். என் துறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வளரும் சந்தையில் தேவை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று எல்லாரும் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தத் தேவையில் எத்தனை பங்கு மானியத்தின் நிழலில் வளர்ந்தது என்று எவரும் பிரித்துக் காட்டுவதில்லை. எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே தவறு நடந்திருக்கும்.

வெண்டர்_சிங்கபெருமாள்கோயில்

நடந்திருக்காது. டீசல் விலையை எப்போது விடுவிப்பார்கள் என்பது இங்கே பத்திரிகை படிக்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். 2013 ஜனவரியிலிருந்து மாதாமாதம் சில்லறையாக ஏற்றிக்கொண்டே வந்தார்கள். அப்போது சாணந்தில் கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருந்தது. வேகத்தைக் குறைத்திருக்கலாம். அந்தச் சேதி மேலே போனதா, போய் எடுபட்டதா என்பதுதான் நான் கேட்கிற கேள்வி.

பாடிஷாப்_பொறியாளர்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓஎம்ஆர் பக்கம் வாகன வடிவமைப்பில் வேலை.

யாரும் தொடாத ஒரு விஷயம் ஏற்றுமதி. மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட்தான் 2018-லிருந்து அமெரிக்காவில் விற்றது. அமெரிக்க வாடிக்கையாளருக்குச் சென்னையில் வெல்டிங் செய்த பாடி. அப்படிப்பட்ட ஆலையைத் தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. உள்நாட்டில் விற்காத திறனை ஏற்றுமதியால் நிரப்பினார்கள். காகிதத்தில் அழகான வியூகம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. எக்கோஸ்போர்ட்டின் அந்தத் தலைமுறை பிரேசில் பொறியாளர்கள் தலைமையில் உருவான வண்டி. 2021 ஜனவரியில் பிரேசில் ஆலைகள் போனபோது அந்த வண்டியின் பிறந்த வீடே போயிற்று. உள்நாட்டுச் சந்தையில் காலூன்றாமல் ஏற்றுமதியை நம்பி நிற்கிற ஆலைக்கு, வேறு கண்டத்தில் எடுக்கிற முடிவே மரண ஓலை. ஆடிட்டர் சார் சொல்லும் பண நகர்வு தர்க்கம் சரியாக இருக்கலாம், ஆனால் அந்தத் தர்க்கம் எங்கே உட்கார்ந்து போடப்பட்டது? வெண்டர் சார் சொன்ன இடத்தில்தான்.

மகிந்திரா கூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபரில் அறிவித்தார்கள், மகிந்திராவுக்கு 51 சதவீதம், மகிந்திரா தளத்தில் ஃபோர்டுக்குப் புது எஸ்யூவி என்றெல்லாம் திட்டம். 2020 டிசம்பர் 31-ம் தேதி கைவிட்டார்கள். இடையில் ஓடிய அந்தப் பதினைந்து மாதத்தில்தான் கியா சோனெட்டும் ஹூண்டாயின் புது க்ரெட்டாவும் வந்தன. கார் தொழிலில் காத்திருப்பது என்றால் பின்னால் போவது என்று அர்த்தம்.

கடைசியாக ஒன்று. நாம் எல்லாரும் பணம், தளம், சதவீதம் என்று பேசுகிறோம். மூடல் அறிவிப்பால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 4,000 பேர் என்று கம்பெனியே சொன்னது. 2022 மே கடைசியிலிருந்து ஜூன் வரை மறைமலை நகர் தொழிலாளர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். வெளியேறுவது வியூகம் என்று எழுதுகிறபோது அந்த வியூகத்தின் விலையைக் கட்டியவர்களையும் எழுத வேண்டும். ஆடிட்டர் சார் பதிவில் அவர்கள் இல்லை.

பீளமேடு_ஆடிட்டர்

பொறியாளர் சொன்ன கடைசிப் பத்தியை ஏற்கிறேன். வெளியேறும் செலவு என்று பார்த்தால் அதில் தொழிலாளரும் டீலரும் வெண்டரும் முதலில் வர வேண்டும். ஆனால் அதற்கும் காரணம் தாமதம்தான் என்பேன். 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் போனபோதே ஒரு ஆலையை விற்றிருந்தால் இன்னொன்று பிழைத்திருக்க வாய்ப்புண்டு. சாணந்தை டாடா 2022-ல் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. 100 கோடி டாலர் முதலீடு என்று பேசப்பட்ட இடம் அது.

வெண்டர்_சிங்கபெருமாள்கோயில்

முடிவெடுக்கும் இடம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் புத்தகப் படிப்பு இல்லை. வேறொரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு (ஃபோர்டும் இல்லை ஹூண்டாயும் இல்லை, பெயர் வேண்டாம்) ஒரு பிராக்கெட் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு மில்லிமீட்டர் தகடு, மூன்று துளை. மழைக்காலத்தில் அதன் அடிமடிப்பில் தண்ணீர் தேங்கித் துரு பிடித்தது. மடிப்பில் ஒரு வடிகால் துளை போட்டால் தீர்ந்தது, டையில் (தகட்டை அழுத்தும் அச்சில்) ஒரு பஞ்ச் சேர்த்தால் போதும், எங்கள் டூல்ரூமில் ஒரு நாள் வேலை. இங்கிருந்த வாங்கும் பிரிவு மேனேஜர் நேரில் வந்து பார்த்தார், சரி என்றார். கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. டிராயிங் கடல் தாண்டிப் போனது. அங்கே அந்த பிராக்கெட் நாலு நாட்டுக்குப் பொது, மற்ற மூன்று நாட்டில் துரு இல்லை, ஆகவே மாற்றத் தேவையில்லை என்று பதில் வந்தது. அடுத்த மழைக்கும் அதே துரு, அதே ரிஜெக்‌ஷன், டெபிட் நோட் (பணப் பிடித்தச் சீட்டு) மட்டும் எங்கள் பெயருக்கு. கொரியக் கம்பெனிகள் விலையில் எங்களை உரித்து எடுப்பார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் துளை போடணும் என்றால் காலையில் வந்து பார்த்துவிட்டுச் சாயங்காலம் பதில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு பிராக்கெட்டில் நடப்பதுதான் எக்கோஸ்போர்ட்டின் தம்பி விஷயத்திலும் பெரிய அளவில் நடக்கிறது.

ஓசூர்_இளைஞன்

ஒரு புதுக் கோணம். வெளியூர்க் கம்பெனி நம் ஊருக்கு வருவதைப் பற்றியே பேசுகிறோம். நம் கம்பெனிகள் வெளியே போகும்போது என்ன செய்கின்றன? டிவிஎஸ் எச்எல்எக்ஸ் என்ற பைக் வரிசையை ஆப்பிரிக்காவுக்கென்றே செய்கிறது. அங்கே பைக் என்பது டாக்சி. பின்னால் இரண்டு பேர், மூட்டை, மண்ரோடு, நாள் முழுக்க ஓட்டம். நீண்ட சீட், கனமான கேரியர், கெட்டியான சஸ்பென்ஷன், ரோட்டோர மெக்கானிக் பிரித்துப் பார்க்கக்கூடிய என்ஜின். பஜாஜ் பாக்ஸரும் அதே வழியில்தான் நைஜீரியாவிலும் உகாண்டாவிலும் பரவியது. மின்னல் வேகப் பைக்கைக் கொண்டுபோய் "இந்தியாவில் இது நம்பர் ஒன்" என்று விற்கப் பார்க்கவில்லை. இங்கே வெண்டர் சார் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

பீளமேடு_ஆடிட்டர்

தம்பி, நல்ல உதாரணம், மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் நைஜீரியாவின் லாகோஸ் நகரம் முக்கியமான பல பகுதிகளில் பைக் டாக்சியைத் தடை செய்தது. 2023 ஜூனில் நைஜீரியா நைராவை மிதக்கவிட்டது, மதிப்பு சரிந்தது, அங்கே போகும் பைக் ஏற்றுமதி அடிவாங்கியது. சீட்டை எவ்வளவு நீளமாகப் போட்டிருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. சரக்கை ஊருக்கு ஏற்பச் செய்வது நுழைவதற்கு வேண்டும். நிலைப்பதற்கு நாணயமும் வரியும் தடையும் தாங்குகிற பணப்பை வேண்டும். நான் முதலிலிருந்து சொல்வது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

மதுரை_மேலாண்மை_ஆசிரியை

ஆனாலும் அடிவாங்கிய அந்த இரண்டு கம்பெனிகளும் ஆப்பிரிக்காவை விட்டுப் போகவில்லை, ஆடிட்டர் சார். அவர்களுக்கு அது கடைசிப் பக்கம் இல்லை.

உறையூர்_பழையகார்

மேடம் சொல்றது நூத்துக்கு நூறு. மூடுறோம்னு சொன்ன வாரம் ஃபிகோ, ஆஸ்பயர் கேக்க வந்தவங்க வெலைய எறக்கிக் கேட்டாங்க. பெரிய எஸ்யூவி எண்டெவர் மட்டும் அசையல. ஓட்டுறவங்க இன்னிக்கும் அந்த வண்டிய விட மாட்டேங்குறாங்க. சர்வீஸ் இன்னும் நடக்குது, சாமானும் வருது. ஜனங்களுக்கு ஃபோர்டு மேல கோவம் இல்ல, ஏக்கம்தான் இருக்கு. அதான் "திரும்ப வந்தாச்சு"ன்னு கேட்டதும் இவ்ளோ சந்தோசம்.

வெண்டர்_சிங்கபெருமாள்கோயில்

ஏக்கத்தை வைத்து நான் மெஷின் வாங்க முடியாது அண்ணே. என்ஜின் ஆலைக்கு வெண்டர் தேர்வு தொடங்கினால் நானும் கொட்டேஷன் போடுவேன், மறைக்க ஒன்றுமில்லை. நிபந்தனை மூன்று. டூலிங் செலவைக் காய் (நாங்கள் செய்யும் பாகம்) விலையில் கலந்து சில வருடத்தில் திருப்பித் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம், டை செய்யும்போதே தனியாகப் பணம் வர வேண்டும். என் மொத்த விற்றுமுதலில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரு வாடிக்கையாளருக்குப் போட மாட்டேன். எத்தனை காய் வேண்டும் என்று அவர்கள் தரும் ஷெட்யூல் பாதியாகக் குறைந்தால் கச்சாப் பொருள் கையிருப்புக்கு யார் பொறுப்பு என்று ஆர்டரிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டால் பெரிய கம்பெனிகள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ஆடிட்டர் சார், அந்த ஷரத்தை எப்படி எழுதினால் செல்லும் என்று ஒரு மாதிரி வாசகம் தர முடியுமா? நம் கருத்து வேறுபாடு அப்படியே இருக்கட்டும். எங்கள் தொழிற்பேட்டையில் இன்னும் பல பேருக்கு அது உதவும்.

பீளமேடு_ஆடிட்டர்

தருகிறேன் சார். கச்சாப் பொருளோடு பாதி முடிந்த காய்களையும் சேர்த்து எழுத வேண்டும், பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எத்தனை வாரத்து உறுதி ஷெட்யூல் தருவார்கள் என்பதையும் அதில் கட்டிப்போடலாம். உங்கள் பழைய ஆர்டர் ஒன்றின் நிபந்தனைப் பக்கத்தை, பெயரை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள். அதன் மேலேயே திருத்தித் தருகிறேன்.